விழித்திரை அறுவைக்குப் பிறகு கண்ணாடி போட ஒரு பாளையங்கோட்டைக் கடை

அம்பாசமுத்திரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். வலது கண்ணில் விழித்திரை பிரிந்துவிட்டது. கண்ணைச் சுற்றி சிலிகான் பட்டை வைத்துப் பார்வையைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் பட்டை அழுத்தியதில் கண் நீண்டு, கிட்டப்பார்வை மைனஸ் 3 வரை கூடிவிட்டது. ஊசிக் காது இரண்டாகத் தெரிந்தது. நேராக ஓட்டிய தையல் நடுவில் வளைந்து தெரிந்தது.

முதலில் போன கடையில் அந்த மாதமே விலை உயர்ந்த லென்ஸைத் தலையில் கட்டிவிட்டார்கள். பவர் மாறி அது வீணாயிற்று.

தெற்கு பஜாரில் மாடியில் இருக்கும் இந்தக் கடைக்காரர், மருத்துவமனைச் சீட்டு முழுவதையும் படித்த பிறகே வாய் திறந்தார். "அண்ணாச்சி, பட்டை வைத்த கண்ணில் பவர் நிலைக்க இரண்டு மூன்று மாதம் ஆகும். இப்போது போட்டால் காசுதான் போகும்" என்று திருப்பி அனுப்பினார். வந்த வியாபாரத்தை வேண்டாம் என்றவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

பவர் நிலைத்த பிறகு போனபோது, எழுத்துப் பலகையோடு விடாமல் ஊசியும் நூலும் தந்து கோர்க்கச் சொன்னார். இரட்டைப் பார்வைக்கு மருத்துவமனையில் ஒட்டுப் பிரிசம் எழுதியிருந்தார்கள். ஒளியைத் திருப்பி, இரண்டாகத் தெரிவதை ஒன்றாக்கும் மெல்லிய பிளாஸ்டிக் ஏடு அது. ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் வரிவரியாக இருக்கும். லென்ஸ் அளவுக்குக் கத்தரித்து, தண்ணீரில் நனைத்து, வழவழப்பான பக்கத்தை லென்ஸின் உட்புறம் படியவைத்து, காற்றுக் குமிழிகளைக் கட்டைவிரலால் ஓரத்துக்குத் தள்ளினார். வெட்டில் பிசிறே இல்லை. கத்தரி பிடித்தே பிழைப்பவன் சொல்கிறேன், அது தேர்ந்த கை. ஏடு ஒட்டினால் பார்வை சற்று மங்கும் என்று முன்கூட்டியே சொன்னார். மங்கத்தான் செய்கிறது. ஆனால் ஊசிக் காது ஒன்றாகிவிட்டது.

வளைந்த கோட்டைப் பற்றிக் கேட்டேன். "விழித்திரையின் நடுவில் சுருக்கம் விழுந்தால் அப்படித் தெரியும். எந்தக் கண்ணாடியும் அதை நிமிர்த்தாது. டாக்டரிடம்தான் காட்ட வேண்டும்" என்றார். கட்டம் போட்ட தாள் ஒன்றையும் கொடுத்தார். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் தினமும் பார்க்க வேண்டுமாம். வளைவு கூடினாலோ, மின்னல் போல் வெட்டினாலோ, திரை விழுந்தது போல் மறைத்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

ஒரு குறை உண்டு, அதைப் பொறுக்க முடியவில்லை. படிக்கட்டு செங்குத்து; கைப்பிடி கிடையாது. பள்ளம் மேடு சரியாகப் பிடிபடாதவர்கள் ஏறி இறங்கும் இடம் அது. படி விளிம்புகளில் மஞ்சள் பெயிண்டாவது அடிக்க வேண்டும். நேரிலும் சொல்லியிருக்கிறேன். போகிறவர்கள் துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு காலையிலேயே போங்கள். அறுவைச் சீட்டும் பழைய கண்ணாடியும் கையில் இருக்கட்டும்.