ட்ரீவிட்ஜெட்டா, ட்ரீவியூவா? சரக்குப் பட்டியல் திரைக்கு எது பொருந்தும்

மதுரை கீழமாசி வீதி மளிகை மொத்தக் கடைக்கு பைத்தான் மொழியிலும், திரை அமைக்க உதவும் க்யூட் (Qt) தொகுப்பிலும் ஸ்டாக் மென்பொருள் எழுதினால் முதல் திரையே ஒரு ட்ரீதான், அதாவது கிளை கிளையாக விரியும் பட்டியல்: பருப்பு, அதன் கீழ் துவரை, அதன் கீழ் 50 கிலோ மூட்டை. இதற்கு மூன்று வழிகள் உண்டு. க்யூட்ரீவிட்ஜெட், க்யூட்ரீவியூவோடு க்யூஸ்டாண்டர்ட்ஐட்டம்மாடல், க்யூட்ரீவியூவோடு நாமே எழுதும் மாடல். மாடல் தரவை வைத்திருக்கும், வியூ அதைத் திரையில் காட்டும். ட்ரீவிட்ஜெட்டில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும்.

ட்ரீவிட்ஜெட் சீக்கிரம் எழுந்து நிற்கும். சில நூறு வரிகள், ஒரே ஒரு ஜன்னல் என்றால் அதுவே போதும். ஆனால் வரிசைப்படுத்தலை இயக்கிவிட்டு வரிகளைச் சேர்க்கக் கூடாது. சேர்க்கும்போதே ஒவ்வொரு வரியும் இடம் மாறிக்கொண்டிருக்கும். ஐட்டங்களைத் தனியே கட்டி, ஆட்டாப்லெவல்ஐட்டம்ஸ் மூலம் ஒரே தடவையில் கொடுத்து, அதன் பிறகு இயக்குங்கள். விலையை செட்டெக்ஸ்ட்டில் போட்டால் அது எழுத்தாகவே ஒப்பிடப்பட்டு, 100 வந்த பிறகே 20 வரும். செட்டேட்டாவில் எண்ணாகவே கொடுக்க வேண்டும். வரி மாறியதும் எழும் ஐட்டம்சேஞ்ச்டு சிக்னலைக் கேட்டு ஓடும் நம் செயல்கூறுக்குள் (ஸ்லாட்) அதே வரியின் தொகையை மாற்றினால் சிக்னல் மீண்டும் எழும், மதிப்பு மாறிக்கொண்டே இருந்தால் முடிவே இருக்காது. அந்த இடத்தில் மட்டும் பிளாக்சிக்னல்ஸ் போட்டு சிக்னலை அடைக்கலாம்.

ஸ்டாண்டர்ட்ஐட்டம்மாடலில் அதே பிளாக்சிக்னல்ஸ் வம்பு. மாடலின் சிக்னலை நம்பித்தான் வியூ ஓடுகிறது. அதை அடைத்தால் திரை பழையதையே காட்டும். எந்த நெடுவரிசை (காலம்) மாறியது என்று ஸ்லாட்டுக்குள் பார்த்து விலகுவதே சரி.

தமிழ்ப் பெயர்களுக்கு இந்த இரண்டாம் வழியைத்தான் நாங்கள் அழுத்திச் சொல்வோம். காரணம், அகர வரிசை. யூனிகோடு எண்படி அடுக்கினால் சீனி, சீயக்காய், சீரகம் என்று வரும். முறைப்படி சீயக்காய், சீரகம், சீனி. கட்டிப் பெருங்காயம் கடலைக்கும் கடுகுக்கும் முன்னால் வர வேண்டியது, புள்ளியின் எண் பெரிது என்பதால் பின்னால் போய்விடும். கணக்குப்பிள்ளை கண் பழகிய இடத்தில் தேடுவார், சரக்கு அங்கே இருக்காது.

தீர்வு கடினமல்ல. பெயரை முதலில், ஒரே எழுத்தை ஒரே விதமாகச் சேமிக்கும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் ‘கொ’ இரண்டு விதமாகச் சேமிக்கப்பட்டிருக்கலாம். பிறகு ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண்: இடைவெளிக்கு 1, உயிர் 12க்கும் ஆய்தத்துக்கும் 2 முதல் 14, அதன் பின் ஒவ்வொரு மெய்க்கும் 13 இடம். அதில் புள்ளி வைத்தது முதல், அகரம் ஏறியது அடுத்தது. ஜவ்வரிசியின் ஜ போன்றவை ‘ன’ வரிசைக்குப் பிறகு. அந்த எண்களைச் சரமாக்கி, ஐட்டத்தில் திரையில் தெரியாத தரவுக்கான யூசர்ரோலில் வைத்து, மாடலுக்கும் வியூவுக்கும் நடுவே நின்று வரிசைப்படுத்தி வடிகட்டும் ப்ராக்சியில் செட்சார்ட்ரோல் கொடுத்தால் முடிந்தது. ட்ரீவிட்ஜெட்டிலும் முடியும், ஐட்டம் வகுப்பை விரித்து ஒப்பீட்டை நாமே எழுத வேண்டும்.

தேடலிலும் ப்ராக்சியே முந்தும். க்யூட் 5.10 முதல் செட்ரிகர்சிவ்ஃபில்டரிங்எனேபிள்டு இருப்பதால், பொருத்தமான சரக்கின் மேல் கிளைகளும் தாமாகத் தெரியும். ட்ரீவிட்ஜெட்டில் வரிவரியாக மறைக்கும் சுழல் எழுத வேண்டும். ஒரே எச்சரிக்கை: சொடுக்கிய இன்டெக்ஸை (வரியின் இடத்தைச் சுட்டுவது) மேப்டுசோர்ஸ் வழியாக மாடலின் இன்டெக்ஸாக மாற்றாமல் வரி எண்ணை மட்டும் மாடலிடம் கொடுத்தால், உளுந்தைத் தொட்டவருக்கு வேறு சரக்கு பில்லில் ஏறும்.

சொந்த மாடல், டேட்டாபேஸிலிருந்து பல்லாயிரம் வரிகள் வரும்போது மட்டும். இன்டெக்ஸ், பேரன்ட், ரோகவுன்ட், காலம்கவுன்ட், டேட்டா ஐந்தையும் பிழையில்லாமல் எழுத வேண்டும். ஃபெட்ச்மோர் இருந்தால் கிளை விரியும்போது ஏற்றிக்கொள்ளலாம். கிரியேட்இன்டெக்ஸுக்குக் கொடுக்கும் பைத்தான் பொருளை வேறு எங்காவது பிடித்து வைத்திருக்க வேண்டும். இன்டெக்ஸ் அதைப் பிடித்து வைக்காது. பொருள் அழிந்தால் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் நிரலே விழும். க்யூட் 5.11 முதல் வரும், மாடலைச் சோதிக்கும் க்யூஅப்ஸ்ட்ராக்ட்ஐட்டம்மாடல்டெஸ்டரை மாடலோடு இணைத்து ஓட்டினால், பேரன்ட்டில் உள்ள தவறுகளில் பெரும்பாலானவை கடைக்குப் போகும் முன்பே வெளிவந்துவிடும்.