மூன்று வருடப் பாலிசியும் ஒரு நாள் வெள்ளமும்

2023 டிசம்பரில் நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது, தாமிரபரணி எங்கள் வீட்டுக்குள் வந்து திரும்பிப் போய் நான்கு நாள் ஆகியிருந்தது. 17ஆம் தேதி பிடித்த மழை, காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. மதுரையில் இறங்கி, கிடைத்த வண்டியில் ஏறித் திருநெல்வேலி சிந்துபூந்துறைக்குப் போனேன். வாசலில் அப்பாவின் கார் நான்கு கதவும் திறந்தபடி நின்றது. மிதியடிகள் மதில்மேல் காய்ந்துகொண்டிருந்தன. ஸ்டியரிங்குக்குக் கீழே, அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல ஒரே நேராகச் சேற்றுக் கோடு. பின் இருக்கையைத் தூக்கியபோது காய்ந்துபோன அயிரை மீன் ஒன்று கிடந்தது.

அப்பா பதற்றமே படவில்லை. "ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறது. மூன்று வருடத்துக்குச் சேர்த்தே கட்டிவிட்டேன்" என்றார்.

சாமி அலமாரியில் இருந்ததால் பாலிசி நனையவில்லை. எடுத்துப் படித்தேன். கார் வாங்கியது 2022 ஆகஸ்டில். அதில் 'காப்பீட்டுக் காலம்' என்பதற்கு நேரே இரண்டு தேதிகள் இருந்தன. தேர்டு பார்ட்டி, அதாவது நாம் இடித்து மற்றவருக்கு வரும் பாதிப்புக்கானது, 2025 ஆகஸ்ட் வரை. சொந்த வண்டிச் சேதம் 2023 ஆகஸ்ட் வரை. இரண்டாவது முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

இந்தப் பொறியில் விழுந்தவர் அப்பா மட்டும் அல்லர் என்று அந்த வாரமே தெரிந்துகொண்டேன். உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2018 செப்டம்பர் முதல் புதுக் கார் வாங்குவோர் மூன்று வருடத் தேர்டு பார்ட்டியை மொத்தமாக எடுக்க வேண்டும். பைக்குக்கு ஐந்து வருடம். நம் காரின் சேதத்துக்கான பகுதிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஷோரூமில் பெரும்பாலும் அதை ஒரு வருடத்துக்கு மட்டும் சேர்த்து விற்கிறார்கள். வாங்குகிறவர் காதில் 'மூன்று வருடம்' என்பது மட்டும் தங்கிவிடுகிறது. புதுப்பிக்கச் சொல்லி அப்பாவின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்திருந்தது. கடன் கொடுக்கிறேன் என்கிற செய்திகளோடு சேர்த்து அதையும் அழித்திருக்கிறார்.

நான் இருக்கும் லண்டன் க்ராய்டனில் இன்சூரன்ஸ் ஓட்டுகிறவரைப் பார்த்து எடுப்பது. வயது, முகவரி, முன்பு இடித்த கதை எல்லாம் கேட்பார்கள். பாலிசியில் பெயர் இல்லாத மச்சானுக்குச் சாவியைக் கொடுக்க முடியாது. மூன்று படிகள் உண்டு: தேர்டு பார்ட்டி மட்டும், அதோடு தீயும் திருட்டும், பிறகு எல்லாம் அடங்கியது. இந்தியாவில் இன்சூரன்ஸ் வண்டிக்கு. செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள யாரும் ஓட்டலாம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாகக் கேட்பது தேர்டு பார்ட்டி மட்டும்தான். அதற்கான தொகையை அரசே நிர்ணயிக்கிறது: அப்பாவின் 1,197 சி.சி. காருக்கு மூன்று வருடத்துக்கு 10,640 ரூபாய், வரி தனி. நாம் இடித்து ஒருவர் இறந்தாலோ காயம்பட்டாலோ நிறுவனம் தரும் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு இல்லை. அவர் சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்கு ஏழரை லட்சம் வரை. நம் வண்டிக்கு ஒரு பைசா கிடையாது.

தேர்டு பார்ட்டி மட்டும் உள்ள காரில் சும்மா ஏறி வருகிற குடும்பத்தினரும் அந்தப் பாலிசியின் பார்வையில் 'மூன்றாம் நபர்' ஆக மாட்டார்கள். 2006இல் உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லியிருக்கிறது. தேர்டு பார்ட்டியும் சொந்தச் சேதமும் சேர்ந்த விரிவான பாலிசி இருந்தால் உள்ளே இருப்பவர்களும் அடங்குவார்கள். அப்பா அம்மாவை உட்கார வைத்து நான்கு மாதமாகத் திருச்செந்தூருக்கும் தென்காசிக்கும் ஓட்டியிருக்கிறார். வெள்ளச் செலவைவிட இதுதான் என் வயிற்றைக் கலக்கியது.

எதிர்வீட்டு அண்ணாச்சியிடம் விரிவான பாலிசி நடப்பில் இருந்தது. தண்ணீர் வடிந்த அன்று காலையில் 'பார்ப்போமே' என்று சாவியைத் திருகினார். இரண்டு முறை உறுமியது, பிறகு 'டக்' என்று ஒரு சத்தம். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரைப் பிஸ்டனால் அழுத்த முடியாது. கனெக்டிங் ராடுதான் வளையும். சேதத்தை மதிப்பிட ஒர்க் ஷாப்புக்கு வந்த சர்வேயர் பொறுமையானவர். இருக்கை, வயரிங் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எஞ்சினைக் காட்டியதும் தலையசைத்தார்: "இது வெள்ளம் செய்த சேதம் இல்லை அண்ணாச்சி, வெள்ளத்துக்குப் பிறகு ஸ்டார்ட் பண்ணியதால் வந்தது." பின்விளைவு இழப்பு என்று பாலிசி விலக்கி வைப்பது இதைத்தான். எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாக ஒரு சேர்ப்பு வாங்கியிருந்தால் கேட்டுப் பார்த்திருக்கலாம்.

ஏற்றுக்கொண்ட பாகங்களிலும் முழுத்தொகை வரவில்லை. பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரிக்குப் பாதிதான். அவர் கார் நான்கு வருடம் தாண்டியது. உலோகப் பாகங்களில் 35 சதவீதம் தேய்மானம். கண்ணாடிக்கு மட்டும் பிடித்தம் இல்லை. 1,500 சி.சி. வரையுள்ள கார் என்றால் ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் ஆயிரம் ரூபாய் நம்முடையது. ஆயில், கூலண்ட், போல்ட், நட்டு எல்லாம் பாலிசியில் சேராமல் பில்லில் தனியாக நின்றன. 'பம்பர் டு பம்பர்' என்று எல்லோரும் சொல்வது இந்தத் தேய்மானப் பிடித்தத்தைத் தவிர்க்கும் சேர்ப்பு. பெயர் கம்பீரமாக இருந்தாலும் அது எஞ்சினையும் சேர்த்துக் காப்பாற்றாது.

அப்பா சாவியைத் தொடவே இல்லை. பாலிசி பற்றிய ஞானத்தால் அல்ல, சாவி எங்கே என்று தெரியாததால். எஞ்சின் தப்பியது. ரெக்கவரி வேன், வயரிங், இருக்கை, கழுவல் என்று ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கைக்காசு போனது.

இத்தனையும் படித்த பிறகு என்னையே ஒருமுறை தணிக்கை செய்துகொண்டேன். 2003இல் பாளையங்கோட்டையில் எட்டுப் போட்டு வாங்கிய என் லைசென்ஸ், இருபது வருடம் முடிந்து பிப்ரவரியிலேயே காலாவதி. செல்லாத லைசென்ஸோடு ஓட்டி இடித்தால் நிறுவனம் கைகழுவ அதுவே போதும், குடித்திருந்தாலும் அப்படித்தான். லண்டனில் அப்போது தபால் நிலையத்திலேயே ஐந்தரைப் பவுண்டுக்குச் சர்வதேச ஓட்டுநர் பெர்மிட் கொடுத்தார்கள். சோம்பலில் வாங்காமல் வந்திருந்தேன். அந்தப் பயணம் முழுக்க முன் இருக்கையில் பயணியாகவே இருந்தேன்.

மதுரையிலிருந்து நான் வந்த வண்டியும் நினைவுக்கு வந்தது. அது மஞ்சள் பலகை மாட்டிய டி-போர்டு வாடகை வண்டி இல்லை, சொந்த உபயோகத்துக்கான ஓன் போர்டு. சொந்த உபயோகத்துக்கு என்று எடுத்த பாலிசியை வைத்துக்கொண்டு வாடகைக்கு ஓட்டுவது பாலிசி நிபந்தனையை மீறுவது. ஐந்நூறு ரூபாய் குறைவு என்று நானேதான் அதில் ஏறினேன். திரும்பும்போது மஞ்சள் பலகை வண்டி சொன்னேன்.

கார் ஒர்க் ஷாப்பிலிருந்து வந்ததும் புதிய பாலிசி எடுத்தோம். தேர்டு பார்ட்டி நடப்பில் இருந்ததால் சொந்தச் சேதத்துக்கு மட்டும் தனியாக வாங்க முடிந்தது; 2019 முதல் இப்படி விற்கிறார்கள், வேறு நிறுவனத்திலும் வாங்கலாம். இடைவெளி விழுந்ததால் ஓர் ஆள் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். தொண்ணூறு நாள் தாண்டிவிட்டதால் கிளெய்ம் இல்லாததற்கான 20 சதவீதத் தள்ளுபடியும் போயிற்று. எஞ்சின் பாதுகாப்பையும் தேய்மானச் சேர்ப்பையும் கேட்டு வாங்கினேன். ஆற்றங்கரையில் குடியிருந்துகொண்டு அதில் கஞ்சத்தனம் பார்க்க முடியாது.

ஏஜெண்ட் போன பிறகு அப்பா பாலிசியை மடியில் விரித்து, பூதக்கண்ணாடி வைத்து இரண்டு மணி நேரம் படித்தார். பிறகு வாசல் தென்னையை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

"தேங்காய் விழுந்தால்?"

"சேரும் அப்பா. முதல் ஆயிரம் ரூபாய் நம் கணக்கு."

மறுநாள் காலையில் மரமேறி வந்து குலைகளை இறக்கிவிட்டுப் போனார்.