நியூ வகேரோவா, பிளாக்ஹாக்கா: 45 கோல்ட் தோட்டாவுக்கு எந்த பிரேம்?

இரண்டும் ரூகர் நிறுவனத்தின் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்கள். ஹாமரை (சுத்தியலை) ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் பின்னிழுத்துச் சுடும் வகை. வழக்கமான பிளாக்ஹாக்கின் பிரேம் (துப்பாக்கியின் உடற்சட்டம்) பெரியது, நியூ வகேரோவுடையது நடுத்தரம். இரண்டிலும் ஆறு தோட்டா. இரண்டும் சுடுவது ‘45 கோல்ட்’ தோட்டாதான். கடையில் வாங்கும் ஒரே பெட்டித் தோட்டா இரண்டிலும் தடையில்லாமல் நுழையும். சிக்கலே அதுதான். பெரிய பிரேமுக்கென்று கடுமையாக நிரப்பிய தோட்டா, நடுத்தர பிரேமின் சிலிண்டருக்குள்ளும் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடும். விசையை இழுக்கும்வரை அது தப்பு என்று துப்பாக்கி சொல்லாது.

இந்தக் குழப்பத்தின் வேர் 1873-ல் இருக்கிறது. கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வருக்காக வந்த தோட்டா இது: 255 கிரெய்ன் (ஏறக்குறைய 16.5 கிராம்) ஈயக் குண்டு, அதன் பின்னால் 40 கிரெய்ன்வரை கரிமருந்து. அந்தக் காலத்துத் துப்பாக்கிகளும் அவற்றின் நகல்களும் இன்றும் புழக்கத்தில் இருப்பதால், அமெரிக்கத் தோட்டாத் தர அமைப்பு (சுருக்கப் பெயர் ‘சாமி’, கோயில் சாமி அல்ல) 45 கோல்ட்டுக்கு 14,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்தை உச்ச வரம்பாக வைத்திருக்கிறது. அதைவிடக் கடுமையான 44 மேக்னம் தோட்டாவுக்கு அதே அமைப்பு கொடுக்கும் வரம்பு 36,000.

ரூகர் 1955-ல் முதல் பிளாக்ஹாக்கை 357 மேக்னத்துக்காகக் கொண்டுவந்தபோது அதன் பிரேம் கோல்ட் அளவில்தான் இருந்தது. மறு ஆண்டு 44 மேக்னம் வந்தது. அதற்குப் பெரிய பிரேம் தேவைப்பட்டது. 1973-ல் ‘நியூ மாடல்’ வந்தபோது பிளாக்ஹாக்குகள் அத்தனையும் பெரிய பிரேமுக்கு மாறின. 1993-ன் வகேரோவும் அதே பெரிய பிரேம்தான். கௌபாய் போட்டிக்காரர்கள் கோல்ட்டின் கைக்கடக்கமான அளவையே விரும்பியதால், 2005-ல் நியூ வகேரோ மறுபடி சிறிய உடம்போடு வந்தது. ஆக, பெயரில் ‘நியூ’ என்று இருப்பதுதான் பலம் குறைந்தது. புதுசு என்றால் இன்னும் உறுதியாக இருக்கும் என்று நினைக்கிறவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

உண்மையான வித்தியாசம் சிலிண்டரில் இருக்கிறது. பெரிய பிரேமின் சிலிண்டர் ஏறக்குறைய 44 மி.மீ. விட்டம். நியூ வகேரோவுடையது சுமார் 42.5 மி.மீ.; பழைய கோல்ட் அதைவிடச் சற்றே ஒல்லி. ஒன்றரை மி.மீ. வித்தியாசம் என்ன பெரிசு என்று தோன்றலாம். ஆரக்கணக்கில் அது முக்கால் மி.மீ. அதுவும் அறையின் (தோட்டா உட்காரும் துளையின்) வெளிச்சுவர், அறைக்கும் அறைக்கும் நடுவேயுள்ள சுவர் என்று பங்கு பிரிகிறது. ஆனால் 45 கோல்ட்டின் அறைத் துளையே 12 மி.மீ.க்கு மேல். ஆறு துளை போட்டபின் வெளிப்பக்கம் மிஞ்சுவது இரண்டு மி.மீ.யைச் சுற்றிய இரும்புதான். அதிலும் சிலிண்டரைப் பூட்டும் பள்ளத்தை வெட்டிய இடம் இன்னும் மெலிசு. இங்கே அரை மி.மீ. கூடினால்கூடப் பெரிய பலம்.

இதைச் சரியாகப் புரிந்துகொள்ள அதே நடுத்தர பிரேமில் வரும் 357 மேக்னத்தைப் பாருங்கள். அது 35,000 பி.எஸ்.ஐ. தோட்டா. அதே விட்டமுள்ள சிலிண்டர் அதை ஆண்டுக்கணக்கில் சளைக்காமல் சுடுகிறது. காரணம், துளை சிறியது, சுவர் தடிமன். பிரேம் நோஞ்சான் அல்ல. அதில் போட்ட ஓட்டைதான் பெரியது. அமெரிக்கத் துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத் 1920-களில் 45 கோல்ட் ரிவால்வர் ஒன்றை அளவு மீறிய தோட்டாவால் வெடிக்கவைத்த பிறகு சற்றே சிறிய 44 ஸ்பெஷல் தோட்டாவுக்கு மாறியதும் இந்தக் கணக்கில்தான். அந்தப் பாதை கடைசியில் 44 மேக்னத்தில் போய் முடிந்தது.

தோட்டாவின் கடுமையை மூன்று படிகளாகப் பார்க்கலாம்.

முதல் படி, 14,000 பி.எஸ்.ஐ.க்குள் அடங்கும் சாதாரண நிரப்பு. 250 அல்லது 255 கிரெய்ன் குண்டு, நொடிக்கு 850 முதல் 900 அடி. எந்த பிரேமுக்கும், இத்தாலிய நகல்களுக்கும் இது பொருந்தும். இலக்குச் சுடுதலுக்கும் போட்டிக்கும் இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். வீட்டில் தோட்டா நிரப்புவோர் ஒன்றில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். இந்தத் தோட்டாவின் பித்தளை உறை கரிமருந்துக்காகச் செய்த பெரிய குடுவை. வேகமாக எரியும் நவீன மருந்து அதன் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். தவறி இரண்டு முறை ஊற்றினாலும் வழியாது. ஆகவே குண்டை வைப்பதற்கு முன் தட்டிலுள்ள அத்தனை உறைகளுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். உறையை நிறைக்கும் பருமனான மருந்தைத் தேர்ந்தால் இந்தப் பயமே இல்லை.

மூன்றாம் படியை முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் தெளிவானது. நிரப்புக் கையேடுகளில் ‘ரூகர் மட்டும்’ என்ற தனித் தலைப்பில் வருவது இது. 30,000 பி.எஸ்.ஐ. சுற்றிய அழுத்தம், 300 கிரெய்ன் குண்டு, நொடிக்கு 1,100 முதல் 1,200 அடி. இந்தத் தலைப்பு எழுதப்பட்ட காலத்தில் ரூகர் 45 கோல்ட் என்றாலே பெரிய பிரேம்தான். 2005-க்குப் பிறகு அந்தச் சொல் அரைகுறையாகிவிட்டது. ‘பெரிய பிரேம் மட்டும்’ என்றே படியுங்கள். எச்110 போன்ற மெதுவாக எரியும் மருந்தைப் பயன்படுத்தினால், ‘பாதுகாப்புக்காகக் கொஞ்சம் குறைத்து வைப்போம்’ என்று இஷ்டத்துக்குக் குறைக்கவும் கூடாது. அரைகுறையாகப் பற்றிக் குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடலாம். அடுத்த தோட்டா அதன் முதுகில் போய் இடிக்கும்.

நடுப்படிதான் விவாதத்துக்கு உரியது. ரூகர் நடுத்தர பிரேம் துப்பாக்கிகளை 45 ஏசிபி (தானியங்கிக் கைத்துப்பாக்கித் தோட்டா) உபரிச் சிலிண்டரோடும் விற்றிருக்கிறது. அந்தத் தோட்டாவின் வரம்பு 21,000. பிளஸ் பி என்ற கடும் வகைக்கு 23,000. இதை வைத்து 45 கோல்ட்டையும் 23,000 வரை கொண்டுபோகலாம் என்று அனுபவமுள்ள நிரப்பாளர்கள் பலர் சொல்வார்கள். 255 கிரெய்ன் குண்டு நொடிக்கு 1,000 அடியைத் தொடும். ஆனால் தயாரிப்பாளர் அதற்குக் கையெழுத்துப் போடவில்லை. தர வரம்புக்குள் உள்ள தோட்டா மட்டும் என்பதே ரூகர் கையேட்டின் நிலை. என் தீர்ப்பு: 1,000 அடி அடிக்கடி வேண்டுமென்றால் பெரிய பிரேமை வாங்கி, அதை அரைவயிற்றோடு ஓட்டுங்கள்.

பெரிய பிரேம் என்றால் கனமும் கூடுதல் என்று ஒரு தவறான எண்ணம் உண்டு. ஐந்தரை அங்குலக் குழலோடு இரண்டும் 1.1 கிலோவை ஒட்டியே வரும். பிளாக்ஹாக்கின் பிடிச் சட்டம் அலுமினியம், நியூ வகேரோவுடையது இரும்பு என்பதுதான் காரணம். அதாவது, கடுமையான தோட்டா போடக்கூடிய துப்பாக்கி அதற்கேற்ற கனம் கூடியதல்ல. கணக்குப் போட்டால், 300 கிரெய்ன் கடும் நிரப்பின் உதை சாதாரணத் தோட்டாவைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு வருகிறது. அப்போது பிடியின் வடிவம் பேசத் தொடங்கும். வழக்கமான கலப்பைப் பிடி உள்ளங்கைக்குள் உருண்டு மேலே எழும். மிதமான தோட்டாவுக்கு அது சுகம். சூப்பர் பிளாக்ஹாக்கின் சதுர முதுகு விசைக்காப்பு நடுவிரல் மூட்டில் இடிக்கும், சிலருக்கு ரத்தமே வரும். பிஸ்லி என்ற இன்னொரு வடிவப் பிடி உதையை நேர் பின்னோக்கித் தள்ளும். மூன்றாம் படிக்குப் போகிறவர் பிஸ்லியைக் கையில் பிடித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

கடுமையான நிரப்பில் வேறு தொல்லைகளும் வரிசை கட்டும். உதையில் உறை பின்னால் போக, குண்டு அதே இடத்தில் நிற்கப் பார்க்கும். சுடாத தோட்டாக்களில் குண்டு கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகரும். ஒரு கட்டத்தில் மூக்கு சிலிண்டருக்கு வெளியே நீட்டிக்கொண்டு பிரேமில் தட்டி, சிலிண்டர் சுற்றாது. ஆறு போட்டு ஐந்தைச் சுட்டு, ஆறாவதை எடுத்து வெர்னியர் காலிபரில் அளந்து பாருங்கள். நீளம் கூடியிருந்தால் உறை வாயின் மடிப்பு போதவில்லை, அல்லது உறை குண்டை இறுகப் பிடிக்கவில்லை. சிலிண்டரைத் தாங்கும் அச்சு ஊசி முன்னால் நழுவுவது இன்னொன்று. தாழ்ப்பாளுக்குக் கடினமான ஸ்பிரிங் போட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். உறைதள்ளிக் கூட்டின் திருகு கழன்றால் நீலநிற லாக்டைட் (திருகுப் பசை) ஒரு சொட்டு.

ரூகர் 45-களில் பிரேம் பேதமில்லாமல் அடிக்கடி காணும் குறை, சிலிண்டர் வாயின் துளை ஒடுங்கியிருப்பது. குண்டு 0.452 அங்குலம், துளை 0.450 என்றால் ஈயக்குண்டு பிழியப்பட்டுச் சிறுத்தபடி குழலுக்குள் நுழையும். ஈயம் அப்பும், குறி சிதறும். குண்டை விரலால் தள்ளிப் பாருங்கள். லேசான அழுத்தத்தில் போக வேண்டும். போகாவிட்டால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து ஆறையும் 0.4525-க்கு ரீமர் (துளையை அகட்டும் கருவி) போடச் சொல்லலாம்.

அன்றாடப் புழக்கத்தில் நடுத்தர பிரேம் ஒரு விஷயத்தில் ஜெயிக்கிறது. தோட்டாக் கதவைத் திறந்து சிலிண்டரைச் சுற்றும்போது ‘க்ளிக்’ கேட்டதும் நிறுத்தினால் அறை கதவுக்கு நேராக நிற்கும். பெரிய நியூ மாடலில் க்ளிக் கேட்கும்போது அறை ஒரு மயிரிழை தாண்டியிருக்கும். பின்னால் திருப்ப முடியாது, மறுபடி ஒரு முழுச் சுற்று. குளிர்ந்த விரல்களோடு இது எரிச்சல்தான்.

பழைய துப்பாக்கி வாங்குகிறவர் பெயரை நம்பக் கூடாது. 45 கோல்ட்-ஏசிபி ஃபிளாட்டாப் (மேற்பகுதி தட்டையான) ரிவால்வர் நடுத்தர பிரேம்தான், ஆனால் அதன்மேலும் ‘பிளாக்ஹாக்’ என்றே எழுதியிருக்கும். தலை தட்டையாக இருக்கிறதா என்று பார்ப்பதும் போதாது. 2006-ன் 44 மேக்னம் ஃபிளாட்டாப் பெரிய பிரேம். வெர்னியர் காலிபரைச் சிலிண்டரின் குறுக்கே வையுங்கள்: 44 மி.மீ.யை ஒட்டிக் காட்டினால் பெரியது, 42.5 என்றால் தோட்டாப் பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சாதாரண நிரப்பு மட்டும். பக்கவாட்டில் மூன்று திருகு தெரிந்தால் அது 1973-க்கு முந்தையது. மாற்றாத நிலையில் ஐந்து தோட்டா மட்டும் போட்டு ஹாமரைக் காலி அறைமேல் இறக்கி வைக்க வேண்டும். தொழிற்சாலைக்கு அனுப்பினால் பாதுகாப்பு உறுப்பை ரூகர் இலவசமாகவே மாற்றித் தருகிறது.