லூயிசெட்டியா, மைக்கனா?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தை மாற்றியவர் யார் என்றால் என் ஓட்டு ஸ்டான்போர்டின் ஹாங்க் லூயிசெட்டிக்கே. மற்றவர்கள் நின்ற இடத்திலிருந்து இரு கைகளாலும் எறிந்த காலத்தில், அவர் ஓடியபடியே ஒற்றைக் கையால் போட்டார். 1936 டிசம்பர் 30 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில், தொடர்ந்து 43 ஆட்டங்கள் வென்றிருந்த லாங் ஐலண்ட் பல்கலைக்கழகத்தை ஸ்டான்போர்ட் 45-31 என்று சாய்த்தது. அதில் அவர் பங்கு 15 புள்ளிகள்தாம். ஆனால் நாடே அந்த எறிதலைப் பழகத் தொடங்கியது.

டீபால் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் மைக்கனைப் பார்த்துப் பழக முடியாது. 6 அடி 10 அங்குலத்துக்கு எங்கே போவது? தடித்த கண்ணாடியோடு தடுமாறியவரைப் பயிற்சியாளர் ரே மேயர் கயிறு தாண்டவைத்து, நடனமும் கற்கவைத்துத் தேற்றினார். புள்ளிக்கணக்கில் மைக்கனே மேல். 1945 என்ஐடி (கல்லூரி அணிகளுக்கான தேசிய அழைப்புப் போட்டி) அரையிறுதியில் ரோட் ஐலண்ட் அணி முழுவதும் சேர்ந்து எடுத்தது 53; மைக்கன் ஒருவரே எடுத்ததும் 53. கோப்பையும் டீபாலுக்குத்தான்.