அறிவியல் பெட்டி: காந்தம் சூப்பர், அட்டைகள் சொதப்பல்

ஏழாவது படிக்கும் மகளுக்காக ஆன்லைனில் இந்த அறிவியல் பெட்டியை 650 ரூபாய்க்கு வாங்கினேன். இரும்புத்தூள், கந்தகம், காந்தம், வடிதாள், அப்புறம் தனிமம், சேர்மம், கலவை என்று பிரித்து அடுக்க 40 அட்டைகள்.

இரும்பையும் கந்தகத்தையும் கலந்து, தாளில் சுற்றிய காந்தத்தை மேலே காட்டியதும் இரும்பு மட்டும் முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்து ஒட்டிக்கொண்டது, கந்தகம் மஞ்சளாக அப்படியே கிடந்தது, கலவை என்றால் என்ன என்று அதற்குமேல் நான் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. இதையே சூடாக்கினால் இரும்பு சல்ஃபைடு என்கிற சேர்மமாகிவிடும், அப்புறம் காந்தத்தை வைத்து இரும்பைப் பிரிக்க முடியாது. ஆனால் வீட்டில் முயலாதீர்கள், கந்தகப் புகை மூச்சை அடைக்கும். பெட்டியில் இதற்கு ஒரு வரி எச்சரிக்கைகூட இல்லை.

அட்டைகள்தான் கடுப்பேற்றின. பித்தளையைச் சேர்மம் என்று போட்டிருக்கிறார்கள். சேர்மம் என்றால் விகிதம் மாறாது; பித்தளையில் செம்பையும் துத்தநாகத்தையும் விகிதம் மாற்றி மாற்றிச் சேர்க்கலாமே, அது கலவைதானே? பால் தூய பொருளாம்! பால்காரர் சொல்கிற ‘சுத்தமான பால்’ வேறு, வேதியியலில் தூய பொருள், அதாவது ஒரே தனிமமோ ஒரே சேர்மமோ மட்டும் இருப்பது, வேறு. பாலோ நீரில் கொழுப்புத் துளிகள் பரவிக் கிடக்கும் கூழ்மம், அதுவும் ஒரு கலவைதான்.

வடிதாள் நனைந்ததும் கிழிந்தது, பழைய வேட்டித் துணிதான் கைகொடுத்தது. தவறுகளை எழுதி அனுப்பினேன், ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று பதில் வந்தது. 5-க்கு 3, அதுவும் காந்தத்துக்காக.