லியர் அரசன், இரண்டு பாடங்களும் சேர்ந்த பதிப்பு: ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்

ஷேக்ஸ்பியரின் ‘லியர் அரசன்’ ஒரு நாடகம் அல்ல, இரண்டு. 1608-இல் சிறிய அளவில் வந்த குவார்ட்டோ அச்சு ஒன்று, 1623-இல் பெரிய அளவில் வந்த ஃபோலியோ அச்சு ஒன்று. முன்னதில் இருக்கும் சுமார் 300 வரிகள் பின்னதில் இல்லை. பின்னதில் சுமார் 100 வரிகள் புதியவை. வழக்கமாக இரண்டையும் கலந்து ஒன்றாக்கித் தந்துவிடுவார்கள். நான் வாங்கியதில் குவார்ட்டோ இடப்பக்கம், ஃபோலியோ வலப்பக்கம். பாடபேதம், அதாவது அச்சுக்கு அச்சு வரிகள் மாறுவதைப் பார்க்கும் கிறுக்கு உள்ளவர்களுக்குத் தீனி.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தாள் மெலிசு, மறுபக்கத்து எழுத்து நிழலாடுகிறது. சொற்பொருள் எல்லாம் கடைசியில் இருப்பதால் ஒரு விரலை அங்கேயே வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். மூன்றாம் அங்கத்துக்கு வருவதற்குள் தையல் விட்டு, பக்கங்கள் கொத்தாகக் கையோடு வந்துவிட்டன. புயல் காட்சி வேறு. பொருத்தம்தான்.

கல்லூரியில் படித்தபோது நான் முழுக்க லியரின் கடைசி மகள் கார்டீலியா கட்சி. என்மேல் எவ்வளவு அன்பு என்று அப்பா கேட்டதற்கு முகஸ்துதி பண்ணாமல் “ஒன்றுமில்லை” என்றாளே, அவள்தான் நான் என்று நினைப்பு. மூத்தவர்கள் இருவரும் பேய்கள், அவ்வளவுதான். இந்த முறை இரண்டாம் அங்கத்தில் மாட்டிக்கொண்டேன்.

நாட்டைப் பிரித்துக் கொடுத்த கிழவர் லியர், 100 வீரர்களோடு மாறி மாறி மூத்த மகள்கள் இருவர் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. மூத்தவள் 50 பேரைக் குறைக்கிறாள். இரண்டாமவள் 25 போதும் என்கிறாள். “உன் ஐம்பது அவளுடைய இருபத்தைந்துக்கு இரட்டிப்பு, அப்படியானால் உன் அன்பும் இரட்டிப்பு” என்று மூத்தவளிடமே திரும்புகிறார் கிழவர். அன்பை எண்ணிக்கையில் அளக்கும் பழக்கத்தை ஆரம்பித்து வைத்ததே அவர்தானே. அதற்குள் மூத்தவள் இருபத்தைந்து எதற்கு, பத்து எதற்கு, ஐந்து எதற்கு என்று இறங்க, இரண்டாமவள் கேட்கிறாள்: ஒருவர்தான் எதற்கு? “எல்லாவற்றையும் உங்களுக்குக் கொடுத்தேனே” என்று அவர் சொன்னதும் அவள் சொல்லும் பதில் இன்னும் கூர்மை: நல்ல சமயத்தில்தான் கொடுத்தீர்கள்.

இந்தக் காட்சியில் யாரும் கத்தியை எடுப்பதில்லை. சகோதரிகள் சொல்வது ஒவ்வொன்றும் நியாயமாகவே இருக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு அதிகாரம் எப்படி ஒத்துப்போகும்? வேலைக்குத்தான் எங்கள் ஆட்கள் இருக்கிறார்களே?

என் அப்பா அண்ணன் வீட்டில் ஆறு மாதம், என் வீட்டில் ஆறு மாதம். வரும்போது இரண்டு பேப்பர் வாங்கிக்கொண்டிருந்தார். காலையில் ஒன்று, மத்தியானத் தூக்கம் கலைந்து எழுந்ததும் ஒன்று. “ரெண்டுலயும் ஒரே செய்திதானேப்பா, ஒண்ணு போதாதா?” என்றேன். அவர் லியரைப் போலச் சாபம் விடவில்லை. “சரிம்மா” என்றார். தேவையைக் கணக்குப் பார்க்காதே, பிச்சைக்காரனிடம்கூடத் தேவைக்கு மேல் ஏதோ ஒன்று இருக்கும் என்று லியர் உடைந்து பேசுகிற இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இரண்டு நாள் தொடவில்லை.

முடிவு தெரிந்த கதைதான், ஆனாலும் தாங்காது. 1681-இல் நேஹம் டேட் என்ற நாடகாசிரியர் இதை மாற்றி எழுதி, சாக வேண்டிய கார்டீலியாவைப் பிழைக்க வைத்து, நாடகத்தில் வரும் எட்கர் என்ற பிரபு மகனுக்கு அவளைக் கல்யாணமும் செய்து வைத்தார். ஏறக்குறைய 150 வருடம் மேடையில் அதுதான் ஓடியது. நாடகத்தைப் பதிப்பித்த சாமுவேல் ஜான்சனே, அந்த வேலை வரும்வரை கடைசிக் காட்சிகளைத் திரும்பப் படிக்கத் துணிந்தேனா என்பது சந்தேகம் என்று எழுதியிருக்கிறார்.

எதிரெதிர்ப் பக்க அச்சின் அருமை இங்கேதான் தெரிகிறது. செத்த மகளைப் பார்த்து லியர் “இனி ஒருபோதும்” என்று இடப்பக்கத்தில் மூன்று முறை சொல்கிறார், வலப்பக்கத்தில் ஐந்து முறை. இரண்டிலும் அடுத்து வருவது ஒன்றேதான்: இந்தப் பொத்தானைக் கொஞ்சம் கழற்றிவிடுங்கள், நன்றி ஐயா. நாட்டையே உத்தரவு போட்டு ஆண்டவர் பொத்தானுக்கு நன்றி சொல்கிறார். பிறகு இடப்பக்கத்தில் வெறும் முனகல். வலப்பக்கத்தில், அவள் உதட்டைப் பாருங்கள், அங்கே பாருங்கள் என்கிறார். மூச்சு வருவதாக நினைத்துச் சாகிறாரா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். எனக்கு இடப்பக்கம் போதும்.

கழன்ற பக்கங்களை அப்பாதான் பசை தடவி, பேப்பர் ஓரத்தைப் பட்டையாக வெட்டி ஒட்டிக் கொடுத்தார். “என்ன கதை?” என்றார். “ஒரு ராஜாவுக்கு மூணு பொண்ணுங்கப்பா.”

“கடைசிப் பொண்ணு நல்லவளா இருப்பாளே?”

“ஆமாம்ப்பா.” கொஞ்சம் பொறுத்து, இரண்டாவது பேப்பரை மறுபடி போடச் சொல்லவா என்று கேட்டேன்.

“வேணாம்மா, பழகிடுச்சு” என்று பசை டப்பாவை மூடினார்.