புதிதாக நிறுவலா, கன்வெர்ஷனா, ரோல்அவுட்டா: இஆர்பி திட்டங்கள் ஓர் ஒப்பீடு

கணக்கு, கொள்முதல், கையிருப்பு, விற்பனை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் மென்பொருள்தான் இஆர்பி; அவற்றில் பேர்போனது எஸ்ஏபி. நிறுவனங்களில் இஆர்பி தொடர்பான எந்த வேலையையும் "எஸ்ஏபி புராஜெக்ட்" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள். காலக்கெடுவும் ஆட்கணக்கும் பிசகத் தொடங்குவது அங்கேதான். நடைமுறை, தரவு, நிரல் ஆகிய மூன்றில் எது ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்று பார்த்தாலே திட்டத்தின் வகை தெரிந்துவிடும். புது இம்ப்ளிமென்டேஷனில், அதாவது புதிதாக நிறுவும்போது, மூன்றுமே திறந்து கிடக்கின்றன. ஓரிடத்தில் ஓடும் அமைப்பை வேறு கிளைக்கோ நாட்டுக்கோ விரிக்கும் ரோல்அவுட்டில் நடைமுறையும் நிரலும் பெரும்பாலும் முடிந்த கதை. தரவு மட்டும் புதிது. கன்வெர்ஷனில் மூன்றும் பழையவையே, அடியில் உள்ள மென்பொருள்தான் மாறுகிறது.

புது இம்ப்ளிமென்டேஷனில் நேரத்தை விழுங்குவது கான்ஃபிகரேஷன் (மென்பொருளின் அமைப்புகளை நிறுவனத்துக்கு ஏற்ப நிர்ணயிப்பது) என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் விழுங்குவது முடிவெடுப்பது. ஜெர்மனியின் லிடில் சூப்பர்மார்க்கெட் நிறுவனம் 2011-இல் தொடங்கிய எஸ்ஏபி திட்டத்தை 2018-இல் கைவிட்டது. சுமார் 50 கோடி யூரோ செலவானதாகச் செய்திகள் வந்தன. பரவலாகச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, சரக்கிருப்பைக் கொள்முதல் விலையில் மதிப்பிடும் தன் வழக்கத்தை நிறுவனம் விடவில்லை என்பது. மென்பொருளின் நிலையான அமைப்போ விற்பனை விலையை வைத்து இயங்கியது. மென்பொருள் எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று அலசும் ஃபிட்-கேப் கூட்டத்தில் "எங்கள் முறை வேறு" என்ற வாக்கியம் எழும்போதெல்லாம், அந்த வேறுபாட்டால் யாருக்கு என்ன லாபம் என்று அங்கேயே கேட்டு எழுதி வாங்குவது நல்லது.

அடுத்த சிக்கல் தரவு. பத்து வருட வரலாற்றை முழுதாக ஏற்ற ஆசைப்படுவார்கள், தேவையில்லை. மாஸ்டர் டேட்டா (வாடிக்கையாளர், சப்ளையர், சரக்கு போன்ற அடிப்படை விவரங்கள்), கையிருப்பு, பாக்கி உள்ள பில்கள், முடியாத பர்ச்சேஸ் ஆர்டர்கள், தொடக்க இருப்புத் தொகைகள் போதும். பழைய அமைப்பைப் படிக்க மட்டும் திறந்து வைக்கலாம். தரவை ஏற்றிப் பார்க்கும் ஒத்திகையான மாக் லோடு முதல் முறை தோற்பது வழக்கம்: ஒரே சப்ளையர் மூன்று பெயரில் இருப்பார், ஒரு கோப்பில் 'பெட்டி' என்றிருப்பது இன்னொன்றில் 'எண்ணிக்கை' என்றிருக்கும். அளவு அலகு பிசகினால் கையிருப்பு மதிப்பு பல மடங்கு வீங்கும். அதனால் ஒவ்வொரு லோடுக்குப் பிறகும் கையிருப்பின் மொத்த மதிப்பைப் பொதுப் பேரேட்டின் சரக்குக் கணக்கோடு ஒப்பிட வேண்டும். மூன்று மாக் லோடுக்குக் குறைந்தால், பழையதிலிருந்து புதிய அமைப்புக்குத் தாவும் கட்ஓவர் வார இறுதி சூதாட்டம்தான்.

கன்வெர்ஷனின் வலி வேறு மாதிரி. எஸ்ஏபியின் முந்தைய தலைமுறை மென்பொருளான ஈசிசி 6.0-இன் புதிய மேம்பாட்டுத் தொகுப்புகளுக்கான வழக்கமான பராமரிப்பு 2027 இறுதியோடு முடிகிறது. கூடுதல் கட்டணத்தில் 2030 வரை நீட்டிக்கலாம். அந்தக் கெடுவுக்காக அடுத்த தலைமுறையான எஸ்/4ஹானாவுக்கு மாறும்போது வாடிக்கையாளர், சப்ளையர் இரண்டும் 'பிசினஸ் பார்ட்னர்' என்ற ஒரே வகைப் பதிவாகின்றன. தவறான அஞ்சல் குறியீடு, விட்டுப்போன வரி எண் எல்லாம் அப்போது பிழையாகத் துள்ளி எழும். இந்தத் துப்புரவைப் பழைய அமைப்பிலேயே பல மாதங்களுக்கு முன் முடித்துவிடலாம், முடிக்கவும் வேண்டும். நிதிப் பதிவுகள் ஒரே பெரிய அட்டவணையில் சேர்வதால், யாரும் கண்டுகொள்ளாத பழைய வருடங்களின் முரண்களும் வெளிப்படும்.

நிறுவனம் தனக்கென எழுதிச் சேர்த்த நிரல்கள், அதாவது கஸ்டம் கோடு, இன்னொரு புதைகுழி. பழைய அட்டவணைகளில் நேரடியாக எழுதும் நிரல்கள் உடையும். வரிசைப்படுத்தச் சொல்லாமலே வரிசையாகத் தரவு வரும் என்று நம்பிய நிரல்கள் இன்னும் ஆபத்தானவை. பிழைச் செய்தி காட்டாமல் தப்பான விடை தரும். பயன்படாத நிரல்களைக் களையும்போது பயன்பாட்டுக் கணக்கெடுப்பை முழு ஓராண்டு ஓடவிட வேண்டும். மூன்று மாதத்தோடு நிறுத்தினால் ஆண்டிறுதியில் மட்டும் ஓடும் நிரல் குப்பைக்குப் போய்விடும். கன்வெர்ஷனின் முதல் சோதனை ஓட்டத்தை, அன்றாட வேலை நடக்கும் அமைப்பின் நகலில் நடத்தினால்தான் எத்தனை மணிநேரம் அமைப்பு நிற்கும் என்பது தெரியும். திட்டம் முடியும்வரை பழைய அமைப்பில் செய்யும் ஒவ்வொரு திருத்தத்தையும் புதியதிலும் செய்தாக வேண்டும். இந்த இரட்டை வேலையைத் திட்ட மதிப்பீட்டில் சேர்ப்பவர்கள் குறைவு.

புது இம்ப்ளிமென்டேஷன், கன்வெர்ஷன் இரண்டில் எதை எடுப்பது? நடைமுறை உறுத்தாமல் ஓடுகிறது, வரலாறும் வேண்டும் என்றால் கன்வெர்ஷன். கணக்குத் தலைப்புகளையே மாற்ற வேண்டும் அல்லது பல அமைப்புகளை ஒன்றாக்க வேண்டும் என்றால் புதிதாகத் தொடங்குவது மலிவு. தேர்ந்த தரவை மட்டும் எடுத்துச்செல்லும் நடுவழியும் உண்டு. அதற்குத் தனிக் கருவிகளும் அவற்றில் கைதேர்ந்த ஆட்களும் வேண்டும்.

ரோல்அவுட் பார்வைக்கு எளிது. எல்லாக் கிளைகளுக்கும் பொதுவான மாதிரி அமைப்பு, அதாவது டெம்ப்ளேட், தயார். வரி, பில் வடிவம், வங்கிக் கோப்பு, மொழி ஆகியவற்றை மட்டும் உள்ளூருக்கு ஏற்ப மாற்றுவது. உள்ளூர்க் கிளை கேட்கும் விலக்குகள் பெருகினால் பெயர் மட்டும் ரோல்அவுட், வேலை இம்ப்ளிமென்டேஷன். பொதுவான நிரலில் கைவைத்தால் ஏற்கெனவே ஓடும் நாடுகளிலும் பழைய வசதிகள் கெடவில்லையா என்று பார்க்கும் ரெக்ரெஷன் டெஸ்ட் நடத்தியாக வேண்டும்.

இந்த மூன்றும் முடிந்தபின் வருவது, ஓடும் அமைப்பைப் பராமரிக்கும் சப்போர்ட் திட்டம். அதில் எஸ்எல்ஏவை, அதாவது எவ்வளவு நேரத்தில் பழுது சரியாகும் என்ற ஒப்பந்த உறுதியைக் குலைப்பது, புது வசதிக் கோரிக்கைகள் பழுது டிக்கெட்டாக நுழைவதுதான். ஒப்பந்தத்திலேயே இரண்டுக்கும் தனி வரிசை வேண்டும். அமைப்பை நிறுவிய முந்தைய குழு, தொடங்கிய பிறகும் உடனிருந்து கவனிக்கும் ஹைப்பர்கேர் காலம் குறைந்தது ஒரு மாத இறுதிக் கணக்கு முடிப்பையாவது கடந்து நீள வேண்டும். மூன்றே வாரத்தில் கிளம்பிவிட்டால் முதல் கணக்கு முடிப்பைப் புதுக் குழு தன்னந்தனியாகச் சந்திக்கும்.